ஹெவி டியூட்டி கிளட்ச்: பிக்கப் உரிமையாளர் பணம் கொடுக்குமுன்

சரக்கு வாகனக் கடன் கணக்குகளைப் பார்வையிடுகையில், மாதந்தோறும் ஒரே தேதியில் தவணை செலுத்திவந்த ஒருவரின் கணக்கு திடீரென ஓசையடங்கிப் போவதைக் காண்கிறோம். சவாரி கிடைக்கவில்லை என்பது சில வேளைகளில் காரணம். வண்டி பட்டறையில் நிற்கிறது என்பது பல வேளைகளில் காரணம். பிக்கப் வண்டிகளைப் பட்டறையில் நிற்க வைக்கும் பழுதுகளுள் கிளட்சுக்குத் தனி இடம் உண்டு. கியர்பாக்சை இறக்காமல் அதைத் தொட முடியாது. விரிவான காப்பீடு எடுத்திருந்தாலும், தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் அதில் இழப்பீடு கிடையாது. உதிரிபாகத்தின் விலை, வேலைக்கூலி, ஓடாத நாள்களின் வருமானம் ஆகிய மூன்றும் உரிமையாளரின் பையிலிருந்தே போகின்றன.

இந்த நிலையில்தான் கடைக்காரரோ மெக்கானிக்கோ, “கம்பெனி கிளட்ச் தாங்காது, ஹெவி டியூட்டி போட்டுவிடுங்கள்” என்று சொல்கிறார். அந்த அறிவுரை சில வண்டிகளுக்குச் சரி. வேறு சில வண்டிகளுக்கு அது இரண்டாவது செலவின் தொடக்கம். இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இமாசலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில், ஆப்பிள் விளையும் மலைப்பகுதிக் கிளையொன்றில் நாம் பணியாற்றிய காலத்தில் நேர்ந்ததை முதலில் கூறிவிடுகிறோம். அங்கே ஜூலை முதல் அக்டோபர் வரையே பழப் பருவம். தோட்டத்திலிருந்து சந்தைக்குப் பெட்டிகளை இறக்கும் பிக்கப்புக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்த நான்கு மாதங்களில் வந்தாக வேண்டும். செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், இரண்டு தவணை நிலுவையில் இருந்த வாடிக்கையாளர் ஒருவர் கோணிப்பையில் மூன்று கிளட்ச் பிளேட்டுகளைக் கட்டிக்கொண்டு கிளைக்கு வந்தார். ஒன்று வண்டியோடு வந்தது. அடுத்தது ‘ஹெவி டியூட்டி’ என்று வாங்கியது. மூன்றாவது செராமிக் வகை. மூன்றும் ஒரே பருவத்தில் போய்விட்டன. நான்காவதாக இன்னும் வலுவான ஒன்றை வாங்கக் கூடுதல் கடன் கிடைக்குமா என்பது அவருடைய கேள்வி.

வணிகவியல் படித்த நமக்கு அந்தப் பிளேட்டுகள் மூன்று கரிய வட்டங்களாகவே தெரிந்தன. வேறொரு வேலையாக வந்திருந்த வாகன மதிப்பீட்டாளர் அவற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றை முகர்ந்தும் பார்த்தார். மூன்றிலும் ஒரே பக்கத்தில், பிளைவீலைத் தொடும் பக்கத்தில், எண்ணெய்க் கறை இருந்தது. கிளட்சை மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலை ஒருமுறைகூட மாற்றவில்லை.

கிளட்ச் தாங்கும் விசை

கிளட்சின் வேலை எளியது. எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, கியர்பாக்ஸ் தண்டில் ஏறியிருக்கும் கிளட்ச் பிளேட் அழுத்திப் பிடிக்கப்படுகிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது. விட்டால் பிடி விழுகிறது. அந்தப் பிடி எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பதை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன: பிளேட்டின் உராய்வுப் பொருள், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வு வளையத்தின் சராசரி ஆரம், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் விடை கிடைக்கும். பிக்கப் வண்டிகளில் பொதுவாக ஒரே பிளேட்தான். ஆகவே பக்கங்கள் 2.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக நாம் வைத்துக்கொண்டவை. எந்தக் குறிப்பிட்ட வண்டிக்கும் உரியவை அல்ல. பிளேட்டின் வெளிவிட்டம் 240 மில்லிமீட்டர், உள்விட்டம் 160 மில்லிமீட்டர். சராசரி ஆரம் 100 மில்லிமீட்டர், அதாவது 0.1 மீட்டர். அழுத்தும் விசை 5,000 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.3. பெருக்கினால் 300 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர் என்றால், தேவையைப்போல் ஒன்றரை மடங்கு தாங்கும் கிளட்ச் இது. குறை சொல்வதற்கு இல்லை.

இப்போது அதே பிளேட்டில் எண்ணெய் படிகிறது. உராய்வுக் குணகம் பாதியாகி 0.15 ஆகிவிட்டதென்று கொள்வோம். தாங்குதிறன் 150 ஆகக் குறைகிறது. 200 தரும் எஞ்சினின் முன் கிளட்ச் வழுக்கத்தான் செய்யும். உடனே 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் தரும் ஹெவி டியூட்டி பிரஷர் பிளேட் வாங்கிப் பூட்டுகிறோம். அழுத்தம் 6,500 ஆகிறது. எண்ணெய்க் கசிவு நிற்காததால் புதிய பிளேட்டும் நனைந்து, குணகம் மீண்டும் 0.15-க்கு இறங்குகிறது. தாங்குதிறன் இப்போது 195. இன்னும் 200-ஐ எட்டவில்லை. செலவு கூடியது, பெடல் கனத்தது, வழுக்கல் மட்டும் போகவில்லை. நம் வாடிக்கையாளரின் வண்டியில் நடந்தது ஏறத்தாழ இதுதான்.

ஆகவே புதிய கிளட்சைத் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை. பழைய பிளேட்டைக் கையில் எடுப்பதில் தொடங்குகிறது. பட்டறையில் கியர்பாக்ஸ் இறங்கும் நேரத்தில் உரிமையாளர் அருகில் இருப்பது நல்லது. உராய்வுப் பரப்பு இரு பக்கமும் சீராகத் தேய்ந்து ரிவெட் வரை வந்திருந்தால், அந்தப் பிளேட் தன் ஆயுளை முழுமையாக வாழ்ந்து முடித்திருக்கிறது. அது நெடுங்காலம் உழைத்திருந்தால், அதே வகையை மீண்டும் போடுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. பிளைவீல் பக்கம் எண்ணெய் என்றால் எஞ்சினின் பின்பக்கச் சீலையும், கியர்பாக்ஸ் பக்கம் எண்ணெய் என்றால் கியர்பாக்சின் முன்தண்டுச் சீலையும் ஐயுற வேண்டும். கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த காரமான வாடை உண்டு. மதிப்பீட்டாளர் முகர்ந்து பார்த்ததன் காரணம் அதுவே. பிளைவீலில் நீலத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் தெரிந்தால், கிளட்ச் நெடுநேரம் வழுக்கி வெந்திருக்கிறது. பிளேட்டின் நடுவில் உள்ள சுருள்வில்கள் உடைந்திருந்தால், பெடலைப் படாரென்று விட்டு வண்டியைக் கிளப்பும் பழக்கம் இருக்கிறதா என்று ஓட்டுநரைக் கேட்க வேண்டும்.

வழுக்கலுக்கு இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது. கேபிள் வகைக் கிளட்சில் பெடலுக்குச் சிறிதளவு வெற்றசைவு இருக்க வேண்டும். அது இல்லையென்றால், கால் வைக்காதபோதும் கிளட்ச் பாதி மிதிபட்ட நிலையிலேயே ஓடும். பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுவதும் இதே விளைவைத் தரும். இதற்கு ஹெவி டியூட்டி மருந்தாகாது.

சுமையும் வெப்பமும்

“என் வண்டியில் கூடுதல் சுமை ஏறும், ஆகவே எனக்கு அதிக அழுத்தமுள்ள கிளட்ச் வேண்டும்” என்று பலர் எண்ணுகிறார்கள். இயல்பாகத் தோன்றும் எண்ணம். ஆனால் பாதிதான் சரி. பின்னால் எவ்வளவு சுமை ஏற்றினாலும் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை கூடிவிடுவதில்லை. முழுதாகப் பிடித்த நிலையில் 300 தாங்கும் கிளட்ச், 200 தரும் எஞ்சினிடம் தோற்பதில்லை. சுமை கிளட்சைக் கொல்லும் தருணம் வேறு: வண்டி புறப்படும் அந்த இரண்டு மூன்று நொடிகள். அப்போது எஞ்சின் சுழல்கிறது, சக்கரம் நிற்கிறது. இடையில் உள்ள வேறுபாடு முழுவதையும் கிளட்ச் வழுக்கி, வெப்பமாக்கி, விழுங்குகிறது.

சமதளத்தில், ஓட்டுநர் அதே முறையில் கிளப்பும்போது, மொத்த எடை 20 சதவீதம் கூடினால் இந்த வெப்பமும் ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். ஏற்றத்தில் வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் எடையையும் எதிர்க்க வேண்டியிருப்பதால், வழுக்கும் நேரம் நீண்டு, வெப்பம் அதைவிட விரைவாக ஏறும். இரண்டாம் கியரில் புறப்படுவோரின் கணக்கு இன்னும் மோசம். முதல் கியரின் விகிதம் 4, இரண்டாவதின் விகிதம் 2.2 எனக் கொண்டால், இரண்டாம் கியரில் கிளப்பும் ஒவ்வொரு முறையும் கிளட்சில் பிறக்கும் வெப்பம் மூன்று மடங்குக்கும் மேல். நேரம் மிச்சம் என்று நினைத்துச் செய்யும் இந்தப் பழக்கத்தின் விலை, சில மாதங்கள் கழித்துப் பட்டறை ரசீதில் தெரியும்.

ஆகவே ‘ஹெவி டியூட்டி’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனித் தேவைகள் ஒளிந்திருக்கின்றன. முறுக்குவிசையைத் தாங்குவது ஒன்று. வெப்பத்தைத் தாங்குவது மற்றொன்று. எஞ்சினின் திறனைக் கூட்டும் மாற்றம் எதையும் செய்யாத வண்டிக்குப் பெரும்பாலும் முதல் தேவை எழுவதேயில்லை. சுமையும் மலையும் நெரிசலும் கேட்பது இரண்டாவதை. அதற்குப் பொருத்தமான விடை, முடியுமானால், விட்டம் பெரிய கிளட்ச். உராய்வுப் பரப்பு விரிகிறது, வெப்பம் பரவுகிறது. சராசரி ஆரம் கூடுவதால் பெடல் கனக்காமலே தாங்குதிறனும் உயர்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் வெளிவிட்டத்தை 260 ஆகவும் உள்விட்டத்தை 170 ஆகவும் மாற்றினால், அதே 5,000 நியூட்டன் அழுத்தத்தில் தாங்குதிறன் 322 ஆகிறது. சில வண்டி வகைகளில், அதே எஞ்சினுக்கு அதிகச் சுமை ஏற்றும் மாதிரிக்கெனத் தயாரிப்பாளரே பெரிய கிளட்சைப் பொருத்தியிருப்பார். அது உங்கள் பிளைவீலில் பொருந்துமா, கியர்பாக்ஸ் தண்டின் பற்களும் தடிமனும் ஒத்துப்போகுமா என்று உதிரிபாக எண்ணை வைத்து விசாரித்துக்கொள்ளலாம். நம் கருத்தில், ஹெவி டியூட்டி என்று நம்பி வாங்கத் தக்கது முதலில் இதுதான்.

அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டை அடுத்த இடத்தில்தான் வைப்போம். அழுத்தம் 30 சதவீதம் கூடினால் பெடலை மிதிக்கும் வலிவும் ஏறத்தாழ அந்த அளவு கூட வேண்டியிருக்கும். கிளட்ச் கேபிள், ஃபோர்க், ரிலீஸ் பேரிங், ஹைட்ராலிக் வகையாயின் சிலிண்டர் சீல்கள், எஞ்சினின் கிராங்க் தண்டைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் ஆகிய அனைத்தும் அந்தக் கூடுதல் தள்ளலைச் சுமக்கின்றன. நகர நெரிசலில் நாளெல்லாம் மிதிக்கும் ஓட்டுநரின் முழங்காலையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஓட்டுநர் வேலையை விட்டுச் செல்வதும் உரிமையாளருக்கு ஒரு செலவே.

செராமிக் என்று கடையில் சொல்லப்படும் வகையில், முழு வளையத்துக்குப் பதிலாக உலோகத்தூளைச் சுட்டு உருவாக்கிய தனித்தனிப் பட்டைகள் இருக்கும். வெப்பத்தைத் தாங்குவதில் இவை வல்லவை. டிராக்டர்களிலும் பெரிய லாரிகளிலும் நன்றாக உழைக்கின்றன. ஆனால் பிடி மெல்ல விழாது, சட்டென்று கவ்வும். தோட்ட வாசலுக்கு ஏற்றத்தில் ரிவர்சில் அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டிய பிக்கப்பில் இந்தக் குணம் தொல்லை. வண்டி குலுங்கும், உள்ளிருக்கும் பழம் அடிபடும். பிளைவீலையும் அது கூடுதலாக அரிக்கும். மேலும், வழுக்காத கிளட்ச் அதிர்ச்சி முழுவதையும் அடுத்த உறுப்புக்குக் கடத்திவிடுகிறது: புரொப்பெல்லர் தண்டின் சிலுவை இணைப்பு, கியர் பற்கள், பின் அச்சு. மின்சாரப் பலகையில் ஃபியூஸ் கம்பி அடிக்கடி எரிகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவதைப் போன்ற செயல் இது. நம் வாடிக்கையாளரின் வண்டியில் செராமிக் பிளேட் போவதற்குள் பிளைவீலைக் கடைசல் பட்டறையும் காப்பாற்ற முடியாத அளவுக்குக் கீறிவிட்டிருந்தது.

பெட்டிக் கணக்கும் எடைக் கணக்கும்

மதிப்பீட்டாளர் அன்று இன்னொன்றையும் சொன்னார்: வண்டி சரியானதும், முழுச் சுமையோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றுங்கள் என்றார். ஆப்பிள் வாடகை பெட்டிக் கணக்கில் பேசப்படுவது. 60 பெட்டி என்றால் 60 பெட்டி. பெட்டிக்கு 20 கிலோ என்றால் 1,200 கிலோ. 1,300 கிலோ சுமக்க அனுமதி பெற்ற வண்டிக்கு அது அடக்கமான சுமை. ஆனால் அன்றைய அட்டைப்பெட்டிகளில் அழுத்தி நிரப்பினால் 30 கிலோகூடப் பிடிக்கும். அதே 60 பெட்டி அப்போது 1,800 கிலோ. பெட்டியை எண்ணுகிற உரிமையாளருக்கு 500 கிலோ கூடுதல் கண்ணில் படுவதில்லை, கிளட்சுக்குப் படுகிறது. (இமாசலத்தில் 2024 பருவத்திலிருந்து ஒரே அளவுப் பெட்டி கட்டாயமாக்கப்பட்டதற்கு விவசாயிகளின் விலை நலனே காரணம் எனினும், பிக்கப் உரிமையாளர்களுக்கும் அதில் நன்மை உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.) வெங்காய மூட்டையோ சிமென்டோ செங்கல்லோ, எண்ணிக்கையில் வாடகை பேசும் எவருக்கும் இது பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கப்படலாம் என்பது தனிக் கதை.

எந்த வகையை முடிவு செய்தாலும், பிளேட்டை மட்டும் வாங்காமல் முழுக் கிளட்ச் செட்டாக, அதாவது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து வாங்குவதே சிக்கனம். எளிய கணக்கு: செட் 8,000 ரூபாய், பிளேட் மட்டும் 3,500, கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி 4,000, ஒரு நாள் நின்றால் இழப்பு 2,000 என்று வைத்துக்கொள்வோம். பிளேட்டை மட்டும் மாற்றியவர் 4,500 ரூபாயை மிச்சம் பிடிக்கிறார். பழைய ரிலீஸ் பேரிங் ஆறு மாதத்தில் அலறத் தொடங்கினால், கூலியும் இரண்டு நாள் இழப்பும் மீண்டும் சேர்ந்து 8,000. பேரிங்கின் விலை அதற்குமேல். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ஆயில் சீல்களையும், இருந்தால் பைலட் பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும். செட்டின் விலையோடு ஒப்பிட இவை அற்பம். பிளைவீலின் பரப்பைத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள் கடைந்து சீராக்க வேண்டும். விரிசல் இருந்தால் கடைவதில் பயனில்லை, மாற்றவே வேண்டும். சில புதிய டீசல் வண்டிகளில் இரட்டைப் பிளைவீல் இருக்கும். அதைச் சாதாரணப் பிளைவீலாக மாற்றித்தருகிறோம் என்று யாராவது முன்வந்தால், கியர்பாக்சில் இரைச்சலும் அதிர்வும் கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தே இசைய வேண்டும்.

லூக், வாலியோ, எக்செடி, சாக்ஸ் எனப் பெயர்பெற்ற கிளட்ச் தயாரிப்பாளர்களின் பெட்டிகளைப் போலவே தோற்றமளிக்கும் போலிகளும் புழங்கக்கூடும். பெட்டியின்மேல் உள்ள எண்ணும் உள்ளே பிளேட்டில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். துண்டுச்சீட்டை ஏற்காமல் ஜிஎஸ்டி ரசீது கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், ரசீதில் எந்த விகிதம் போடப்பட்டுள்ளது என்பதையும் கவனிக்கலாம். உத்தரவாதம் கோரும் நாளில் அந்த ரசீதே பேசும். ஒரு குறிப்பு: சரக்கு வண்டி வருமானத்தை ஊகக் கணிப்பு முறையில், சிறிய வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்று காட்டி வரி செலுத்துவோர், கிளட்ச் செலவைத் தனியே கழித்துக்கொள்ள முடியாது.

தவணையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிலுவை 30 நாளுக்குள் இருப்பதும், 60 நாளைக் கடப்பதும், 90 நாளைக் கடப்பதும் வங்கிக்கு வெவ்வேறு நிலைகள். 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிறது. தவறிய நாள்கணக்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் செல்கிறது. வண்டி பட்டறைக்குப் போன வாரத்திலேயே ரசீது மதிப்பீட்டோடு கிளைக்கு வருபவரிடம் பேசுவதற்கு எங்களுக்கு வழிகள் இருக்கின்றன. எழுபதாவது நாளில் வருபவரிடம் அவை குறைந்துவிடுகின்றன. கோணிப்பையோடு வந்தவர் அந்த வகையில் சற்றே முன்னதாக வந்திருந்தார். அவருக்கு நான்காவது ஹெவி டியூட்டி கிளட்சுக்கான கடன் தேவைப்படவில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட சாதாரண வகைச் செட், ஓர் ஆயில் சீல், ஒரு பிளைவீல். நிலுவைத் தவணைகள் அக்டோபர் இறுதிக்குள் வந்து சேர்ந்தன.

புதிய கிளட்ச் பூட்டியபின் முதல் 500 கிலோமீட்டர் வரை, பரப்புகள் ஒன்றோடொன்று படியும் வரை, முழுச் சுமையையும் செங்குத்தான ஏற்றங்களையும் தவிர்ப்பது நல்லது. கேபிள் வகையாயின் அதன்பின் வெற்றசைவை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். வழுக்குகிறதா என்று ஐயம் எழுந்தால், சுமையற்ற வண்டியை ஆளில்லாத சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் பிடி நன்றாக இருக்கிறது. தொடர்ந்து ஓடினால் வழுக்குகிறது. ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே கிளட்சை எரித்துவிடும். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது பழைய பிளேட்டையும் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக்கு அது பெறும் விலை மிகச் சொற்பம்.